சொந்த வீட்டில் விருந்தாளி

எங்கள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மூன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள், ஒரு மருத்துவமனை, ஒரு துணிக்கடை, வரி அலுவலகம் என்று அவர் பொறுப்பில் இருக்கும் லிஃப்டுகள் நகரம் முழுக்க உண்டு. கூட வேலை செய்கிறவர்கள் அவரை ‘டாக்டர்’ என்று கூப்பிடுவார்கள். கேலிதான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்டுக்குள் நின்று, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டபடி மேலும் கீழும் ஒருமுறை போய்வந்துவிட்டு, “இது சரியில்ல. அடுத்த வாரம் படுத்துடும்” என்பார். பாதி லிஃப்டுகள் படுக்கும். மீதி படுக்காது. படுக்காவிட்டால், தான் முன்கூட்டியே பார்த்து எண்ணெய் விட்டதால்தான் படுக்கவில்லை என்று சாதிப்பார்.

அந்தப் பழக்கத்தை அவர் வீட்டு வாசலில் கழற்றி வைப்பதில்லை. கேஸ் அடுப்பை அணைத்தாயா என்று அம்மாவிடம் கேட்பார், அவள் அணைத்தேன் என்பாள், பிறகு அவரே போய்த் தொட்டுப் பார்ப்பார். நான் வேலை பார்க்கும் அச்சகத்திலிருந்து வரும் பஸ் கொஞ்சம் தாமதமானால் தெருமுனையில் நிற்பார். ஏன் நிற்கிறீர்கள் என்றால் காற்று வாங்குகிறேன் என்பார். அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். “உலகத்துல இருக்கிற மாத்திரை எல்லாம் எங்க கடையில இருக்கு. இந்த மனுஷனோட பயத்துக்கு மட்டும்தான் ஒண்ணும் வரல” என்பாள்.

அவருடைய பயத்துக்குத் துளியும் மரியாதை கொடுக்காத ஒரே ஆள் என் தங்கை. வீட்டில் அவள் சின்னவள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் மூன்றாம் ஆண்டு. வாய் ஓயாது. அப்பா தெருமுனையில் நின்றால், “ஏம்ப்பா, நீ என்ன டிராஃபிக் போலீஸா? நடந்து வா வீட்டுக்கு” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள். டிவி ரிமோட்டைப் பிடுங்குவாள். என் சுடிதாரைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போவாள். சண்டை போடாமல் அவள் ஒரு வேளை சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

அவள் என்ன படிக்கிறாள் என்று அப்பாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கேட்கிறவர்களிடம், “ஜனங்களைப் பத்திப் படிக்கிறா” என்று சொல்லிவைப்பார். ஆனால் அவளுடைய துறையின் வராந்தாவில் கண்ணாடி போட்ட ஒரு பலகை உண்டு. மாணவர்கள் செய்ததையெல்லாம் படமாக அதில் ஒட்டுவார்கள். சந்தைக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் வீடு வீடாகப் போய், பெண்கள் தண்ணீருக்காக எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறார்கள் என்று கேட்டு எழுதி, நகராட்சியில் கொடுத்து, குழாயில் தண்ணீர் விடும் நேரத்தையே மாற்ற வைத்தார்கள். அந்தப் படத்தில் சின்னவள் ஒரு குடத்தின் மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருப்பாள். பஸ் நிலையத்தில் நடத்திய தெரு நாடகத்தில் அவள் மாமியார் வேஷம். கல்லூரிகளுக்கு இடையிலான ஆய்வுப் போட்டியில் வாங்கிய கேடயத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்கும் படமும் இருந்தது. அதை அவள் வீட்டில் காட்டியபோது, “இதை விக்க முடியுமா?” என்று கேட்டார் அப்பா. அவர் அந்தப் படத்தைத் தன் போனில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டடத்து வாட்ச்மேனிடமும் காட்டினார் என்பது எங்களுக்கு வேறு வழியில் தெரியவந்தது.

அப்படி இருந்தவள் ஒரு மாலை வீட்டுக்கு வந்து, திறந்திருந்த கதவைத் தட்டினாள்.

“உள்ள வரலாமா?” என்றாள்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, தலையில் எங்காவது அடிபட்டுவிட்டதா என்று கேட்டாள். சின்னவள் செருப்பை ஒழுங்காகச் சுவரோரம் வைத்துவிட்டு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். “சிரமம் இல்லைன்னா கொஞ்சம் தண்ணி குடுக்குறீங்களா?” என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எந்த ஊருக்குச் சுற்றுலா போக வேண்டும் என்று நேராகச் சொல்லித் தொலைக்கச் சொன்னாள். சின்னவள் தண்ணீரைக் குடித்துவிட்டு, தம்ளரை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, “ரொம்ப நன்றிங்க” என்றாள்.

அப்பா தரையில் உட்கார்ந்து மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். சிரிக்கவில்லை. திருப்புளியைத் திருகில் வைத்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து உள்ளே போன பிறகும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தடுத்த நாட்களில் சின்னவள் சரியாகவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டு, நன்றாக இருந்தது என்று சொல்லி, தட்டைக் கழுவி வைத்தாள். டிவி பார்த்தால் உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமா என்று என்னிடம் கேட்டாள். எங்கள் அறைக்குள் வருவதற்கே கதவைத் தட்டினாள். நான் முதலில் எரிச்சலில், “போடி” என்றேன். “மன்னிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றாள். ஒருநாள் பழம் வாங்கிவந்து அம்மா கையில் கொடுத்து, இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு என்றாள். அன்று அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் நானும் சின்னவளும் பங்கு போட்டுக்கொள்ளும் அலமாரியைத் திறந்தேன். அவள் பக்கம் காலியாக இருந்தது. துணிகளை எல்லாம் மடித்து ஒரு பையில் போட்டு, அறை மூலையில் வைத்திருந்தாள்.

ஆனால் எனக்கு அதைவிட அப்பாவைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. வேலை நேரத்தில் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். கேட்டால், அந்தக் கட்டடத்தில் கரன்ட் இல்லை என்பார். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். அம்மா வைத்திருந்த மருந்து டப்பா சமையலறையிலிருந்து காணாமல் போனது. தேடினால் அது அவருடைய வேலைப் பைக்குள் ஸ்பேனர்களுக்கு நடுவில் இருந்தது. சின்னவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, சோப்பு இருக்கிறதா என்று கேட்பார். “இருக்குங்க, நன்றி” என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்த நன்றியைக் கேட்டதும் அப்பா சுவரைப் பிடித்துக்கொள்வார்.

அவரைப் படிக்கட்டில் வைத்து மடக்கினேன். உடம்புக்கு என்ன, மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன். அவர் கீழே யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, உட்கார்ந்தார்.

“எனக்கு ஒண்ணுமில்ல. உங்க சித்தப்பா இருந்தானே,” என்றார்.

சித்தப்பா நான் பிறப்பதற்கு முன்பே இறந்தவர். வேலை செய்யும் இடத்தில் தவறி விழுந்துவிட்டார் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். தவறி விழவில்லை என்றார் அப்பா. வீட்டை விட்டுப் போனான், உடம்பைத்தான் கொண்டுவந்தார்கள் என்றார்.

“அவனும் இவளை மாதிரிதான். வாய் மூடாது. எங்கிட்ட அடி வாங்காத நாளே கிடையாது. திடீர்னு ஒருநாள் மரியாதையா பேச ஆரம்பிச்சான். தண்ணி குடுத்தா நன்றி சொன்னான். எங்கிட்ட, அண்ணா உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன்னு சொன்னான். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். பையனுக்குப் பொறுப்பு வந்துடுச்சுன்னு. துணியெல்லாம் மடிச்சு ஒரு பையில வச்சான்.”

அவளிடமே கேட்டுவிடலாம் என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கேக்கக் கூடாது. எங்கம்மா அவனைக் கேட்டாங்க. ஏண்டா இப்படி இருக்க, சொல்லித் தொலைன்னு. சும்மா விளையாட்டுக்கும்மான்னு சிரிச்சான். மறுநாள் காலையில அவன் இல்ல.”

அதனால் நாங்கள் கேட்கவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். ஆனால் அன்று மாலையே குளியலறை வாசலில் அப்பாவும் நானும் ஒரே நேரத்தில் நின்று, அம்மா அதைப் பார்த்து, என்ன இரண்டு பேரும் க்யூவில் நிற்கிறீர்கள் என்று கேட்டு, எங்கள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அவளுக்கும் தெரிந்துபோனது. கேட்டுவிட்டு வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு எங்கள் வீடு எப்படி இருந்தது என்று சொல்வது கஷ்டம். மூன்று பேர் ஒரு பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அவள் ஜன்னல் பக்கம் போனால் யாராவது ஒருவருக்கு ஜன்னல் பக்கம் வேலை வந்துவிடும். அவளை யாரும் திட்டவில்லை. திட்டினால் என்ன ஆகுமோ என்று பயம். நாங்கள் மென்மையாகப் பேசப் பேச, அவளும் அதைவிட மென்மையாகப் பதில் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் வீடே மருத்துவமனை மாதிரி இருந்தது. “இன்னும் கொஞ்சம் போடட்டுமாம்மா?” என்பாள் அம்மா. “போதுங்க, உங்களுக்கு இருக்கட்டும்” என்பாள் சின்னவள். அம்மா அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

கடைசியில் அப்பா பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கேட்பது என்று முடிவு செய்தார். அவளை யாராவது ஏதாவது செய்துவிட்டார்களா, பரீட்சையில் தோற்றுவிட்டாளா, அங்கே தெரிந்திருக்கும் என்றார். “நீயும் வா. அவங்க பாதி இங்கிலீஷ்ல பேசுவாங்க” என்று என்னை அழைத்துக்கொண்டு போனார். வேலையிலிருந்து நேராக வந்ததால் முழங்கையில் கிரீஸ் இருந்தது. வராந்தாவில் அந்தக் கண்ணாடிப் பலகைக்கு முன்னால் நின்றார். குடத்தின் மேல் காகிதத்தை வைத்து எழுதும் அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார், உள்ளே போகத் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

துறைத்தலைவி ஐம்பது வயதுப் பெண்மணி. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, சின்னவளைப் பற்றிப் பாராட்டாகவே பேச ஆரம்பித்தார். அப்பா அதில் எதையும் காதில் வாங்கவில்லை.

“மேடம், எம்பொண்ணு வீட்டுல ரொம்ப மரியாதையா நடந்துக்கிறா,” என்றார்.

மேடம் முதலில் புன்னகைத்தார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். புன்னகை போய்விட்டது. நடந்தது என்ன என்று மேடம் சொன்னார். அது ஒரு வகுப்புப் பயிற்சி. சொந்த வீட்டில் ஒரு விருந்தாளி மாதிரி நடந்துகொள்ள வேண்டும். காரணத்தை வீட்டில் சொல்லக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்து எழுத வேண்டும். நாம் நினைத்தே பார்க்காத எத்தனை வழக்கங்களின் மேல் ஒரு குடும்பம் நடக்கிறது என்று அதில் தெரியுமாம். மற்ற மாணவர்கள் ஒரு மாலைதான் தாக்குப்பிடித்தார்கள். திட்டு விழுந்ததும் உண்மையைச் சொல்லிச் சிரித்து முடித்துவிட்டார்கள். சின்னவளை மட்டும் யாரும் திட்டவில்லை. அதனால் அவள் நிறுத்தவில்லை. வெளியூர்க் கருத்தரங்கில் வாசிக்கத் துறையிலிருந்து அவளுடைய அறிக்கையைத்தான் எடுத்திருந்தார்கள்.

வேறு சில மாணவர்கள் பொது இடத்தில் இதே மாதிரி ஒரு பயிற்சி செய்ததாகவும் மேடம் சொன்னார். எங்களைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஒரு பையன் துணிக்கடை லிஃப்டில் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின் சுவரைப் பார்த்து நின்றானாம்.

“எதுக்கு?” என்றார் அப்பா. அவ்வளவு நாளில் அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். “கதவுல துணி மாட்டிக்கிட்டா யாரு பதில் சொல்றது? அவனை என்கிட்ட அனுப்புங்க.”

சின்னவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். உள்ளே வந்தவள் எங்களைப் பார்த்ததும் நின்றாள். மேடம் ஏதோ சொன்னார். அவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். “ஐயோ அப்பா, இது பாடம்ப்பா. சும்மா செஞ்சது. நீ நிஜம்னா நெனச்ச?” என்றாள்.

அப்பா தலையை ஆட்டினார். நல்லது, நல்லாப் படி என்றார். மேடம் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். இனி வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லாமல் இந்தப் பயிற்சியைக் கொடுக்க மாட்டேன் என்றார். அதற்கும் தலையாட்டினார். வெளியே படிக்கட்டில் இறங்கும்போது என் தோளைப் பிடித்தார். பிடி வலித்தது.

“சும்மாங்கிறா,” என்றார். “அவனும் சிரிச்சான்.”

மேடமே சொன்னாரே அப்பா என்றேன். மேடத்துக்கு அவள் என்ன சொன்னாளோ என்றார்.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், அப்பா முன்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தபோது, சின்னவளிடம் நான் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். “அறிக்கையில அப்பாகிட்ட எந்த மாற்றமும் இல்லைன்னு எழுதியிருக்கேன்” என்றாள். தாழ்ப்பாளைக் கழற்றினாரே, பார்க்கவில்லையா என்றேன். ரிப்பேர் செய்கிறார் என்று நினைத்தாளாம். பாதி நாளில் வீட்டுக்கு வந்ததை? வேலை குறைவு என்று நினைத்தாளாம். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். முகத்தைத்தான் பார்க்கவில்லை. அந்த அறிக்கையை வாசிக்கப் போவதில்லை என்றும், மேடத்திடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் வரிசை ஆய்வை வாசிப்பதாகவும் சொன்னாள்.

வீட்டில் பழையபடி ஆகிவிட வேண்டும் என்று அவள் முயன்றாள். அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. ரிமோட்டைப் பிடுங்கினாள், பிடுங்கிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “என்னம்மா இது, உப்பே இல்ல” என்றாள். சொல்லும் முன் ஒரு நொடி யோசித்தாள். அந்த ஒரு நொடி எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் மரியாதையாகப் பேசினாலும் பயந்தார், மரியாதை இல்லாமல் பேசினாலும் பயந்தார். அவளுக்குமே எது தன் குரல் என்று குழம்பிவிட்டது. ஒருநாள் என்னிடம், “நான் முன்னாடி எப்படிக்கா கதவைத் திறப்பேன்?” என்று கேட்டாள். அப்பா பயந்தது வேறு ஒருவனை நினைத்து. நான் அப்போது முதல்முறையாக அவளையே நினைத்துப் பயந்தேன்.

கருத்தரங்குக்குப் புறப்படும் நாள் வந்தது. வேறு ஊர், மூன்று நாள். போகக் கூடாது என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் பல்கலைக்கழக வாசலில் பஸ் நின்றது. சின்னவளை வழியனுப்ப அம்மாவும் நானும் போயிருந்தோம். அப்பா வேலைக்குப் போய்விட்டார் என்று நினைத்திருந்தோம். சின்னவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ஏறியவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

கடைசி இருக்கையில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை. அவரைச் சுற்றிப் பையன்களும் பெண்களும் என்ன செய்வது என்று தெரியாமல் நெளிந்துகொண்டிருந்தார்கள். டிரைவரிடம் பேசி, வழியில் வண்டி நின்றுபோனால் உதவுவேன் என்று சொல்லி இடம் வாங்கியிருக்கிறார்.

“இறங்கு,” என்றாள் சின்னவள்.

“நான் ஒரு ஓரமா இருந்துக்கிறேன். உன் பக்கமே வர மாட்டேன்.”

“இறங்குப்பா. என் கூட்டாளிங்க எல்லாம் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். நான் என்ன திருடவா வந்தேன்?”

நாங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டோம். அவள் இருக்கைகளுக்கு நடுவே நடந்து அவர் முன்னால் போய் நின்றாள். முகம் சிவந்து மூக்கு விடைத்திருந்தது.

“உனக்கு அறிவிருக்கா? நான் என்ன செஞ்சாலும் சித்தப்பா செஞ்சான், சித்தப்பா சிரிச்சான். நான் எங்கேப்பா போவேன்? நீ என்னைப் பாக்கவே மாட்டேங்கிற. என் மூஞ்சில செத்துப்போனவரைத் தேடிக்கிட்டு இருக்க. நான் தப்பு பண்ணிட்டேன், ஒத்துக்கிறேன். அதுக்காகச் சாகிறவரைக்கும் என் குளியலறை வாசல்ல நிப்பியா? எனக்குப் பயமா இருக்கு உன்னைப் பாத்தா. பெத்தவன் மாதிரியா இருக்க நீ? போலீஸ்காரன் மாதிரி இருக்க. இறங்கு முதல்ல, இல்லன்னா நான் இறங்கிப் போறேன், இவங்க போய் வாசிக்கட்டும், நீ இந்த பஸ்லயே குடும்பம் நடத்து.”

சொல்லி முடித்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். துணிப்பையை அவர் மடியிலிருந்து பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். அம்மாவின் காலருகே விழுந்தது.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த ஒரு தடவைதான் தலையைச் சாய்த்துக் கேட்கவில்லை. கண்ணைப் பார்த்தார். பிறகு எழுந்து, “அதுல என் கண்ணாடி இருக்குடி, கழுதை” என்றார்.

“நல்லா உடையட்டும்,” என்றாள்.

அவர் இறங்கிவந்தார். பஸ் கிளம்பி, வளைவில் திரும்பும்வரை நின்றார். இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். அம்மா பையைத் தட்டித் துடைத்து அவரிடம் கொடுத்து, என்ன ஆச்சு, போகவிட்டு விட்டீர்களே என்று மெல்லக் கேட்டாள்.

“கோபமா இருக்கா,” என்றார் அப்பா. “அவன் கோபமே படல. கடைசில ஒரு தடவைகூடப் படல.”

மறுநாள் மதியம் போன் வந்தது. வாசித்துவிட்டார்களாம், கேள்விகள் நிறைய வந்தனவாம், பரிசு யாருக்கு என்று மாலையில்தான் தெரியுமாம். எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள். அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று பட்டென்று வைத்துவிட்டாள். அப்பா எதிரில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்கிட்டப் பேசலையா?”

“இல்லப்பா. இன்னும் கோபமாத்தான் இருக்கா.”

“சரி,” என்றார். வேலைக்குக் கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பிவந்து, நாளைக்கும் அவளே கூப்பிடுவாளா என்று மட்டும் கேட்டார்.